நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கும் ஓட்டல்கள்

சென்னையில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் எல்லோரும் மைலாப்பூர், திருவல்லிக்கேணி, மவுண்ட் ரோடு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மேற்கே பாடியைத் தாண்டிவிட்டால் மனிதர்கள் சாப்பிடுவதே இல்லை என்பதுபோல் ஒரு நினைப்பு. என்னைக் கேளுங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி இந்த மூன்று ஊருக்கும் நடுவில் எந்தக் கடையில் எந்த நேரத்தில் அடுப்பிலிருந்து என்ன இறங்கும் என்று எனக்குத் தெரியும். கையில் சில்லறை மட்டும் இருந்தால் ஆவடி ஸ்டேஷன் ரோட்டில் சாயங்கால வண்டி வந்து நிற்கும் நேரத்துக்குப் போங்கள். போண்டா எண்ணெயிலிருந்து நேராக உங்கள் கைக்கு வரும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் குமணன்சாவடியில் லாரிகள் வரிசையாக நிற்கும் பரோட்டாக் கடை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பூந்தமல்லி பிரியாணி. சம்பளம் வாங்கிய கையோடு இருந்தால் அம்பத்தூரில் கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. ஹால். வேலை நாளில் மத்தியானம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் இருக்கும் எஸ்டேட் மெஸ்.

எங்கே போனாலும் கூட்டமான நேரத்தில் போங்கள். இதை நான் சொல்வது என் நாத்தனாருக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஏனென்றால் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்குமேல் ஓட்டல் வாசற்படியை மிதிக்காதவள் நான். திருச்சிக்கு ரயிலில் போனால்கூட புளிச்சாதமும் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரும் கூடையில் வரும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் மற்ற குடும்பங்கள் பேக்கரிப் பக்கம் திரும்பும்போது நாங்கள் மட்டும் நேராக ஆவடியை ஒட்டிய கோவில்பதாகைக்கு, எங்கள் வீட்டுக் கறிக்குழம்புக்கு, நடையைக் கட்டுவோம். ஓட்டல் தண்ணீரில் எல்லா வியாதியும் இருக்கிறது என்பது என் கட்சி.

அப்படியும் டைபாய்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். கிணற்றில் தண்ணீர் கையால் மொண்டு எடுக்கும் உயரத்துக்கு ஏறியிருந்தது. நான் எல்லாவற்றையும் கொதிக்கவைத்துக்கொண்டுதான் இருந்தேன். எந்த வழியாக வந்ததோ தெரியாது. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எங்கள் ஒரே மகள் படுத்தவள், மழை ஓயும்வரை எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து, என் விரல் நுனிகள் சுருங்கியே கிடந்தன. அதைப் பற்றி இன்னும் எழுத என்னால் முடியாது. காய்ச்சல் போயிற்று. வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதப்போகிறேன்.

காய்ச்சல் போகும்போது பசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. துணியை மடித்து ஒரு ஊக்கு குத்தினேன். சில நாளில் அந்த ஊக்கைக் கழற்றி, இன்னும் உள்ளே தள்ளிக் குத்த வேண்டியிருந்தது. கஞ்சி, இட்லி, ரசம் கரைத்த சாதம், பால், பிஸ்கட், எதை நீட்டினாலும் ஒரே பதில். அழ மாட்டாள், அடம்பிடிக்க மாட்டாள். வாயைச் சாத்திக்கொள்வாள், அவ்வளவுதான். பெட்டியின் மூடியைச் சாத்துவதுபோல.

அவளைச் சுற்றி எப்போதும் ஆள் இருந்தது. நான் ஒரு பக்கம் கிண்ணத்தோடு. ஆவடியில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவர் இன்னொரு பக்கம் கதையோடு. பக்கத்து வீட்டுக்காரம்மா ஜன்னலில். "குடலு பேப்பர் மாதிரி ஆயிருக்கும்மா, காரத்த காட்டிடாத" என்று ஒருத்தர். "சேக்காட்டுல ஒரு அம்மா மந்திரிக்கிறாங்க" என்று இன்னொருத்தர். என் நாத்தனார் தினமும் தூக்குவாளியில் புழுங்கலரிசிக் கஞ்சி கொண்டுவருவார். குழந்தையின் வாய் அசைந்தால் எல்லோர் வாயும் அசைந்தது. அவள் விழுங்கினால் எல்லோரும் விழுங்கினோம். விழுங்காமல் துப்பினால் எல்லோரும் பெருமூச்சு விட்டோம்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் அவளைத் தன் மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்.

"உங்கம்மா சமையல் புடிக்கலியா?"

தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை.

"வேற என்னதான் சாப்பிடணும்னு தோணுது? சொல்லு."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஓட்டல்ல."

டாக்டர் சிரித்துவிட்டார். "டாக்டர், டைபாய்டு வந்த பிள்ளைய ஓட்டலுக்கா?" என்றேன்.

"சூடா இருக்கறத குடுங்க. கொதிச்ச தண்ணிய கையில எடுத்துட்டுப் போங்க. எங்க சாப்பிட்டாலும் சரி, அவ சாப்பிடணும். காய்ச்சலுக்கு மருந்து என்கிட்ட இருந்துச்சு. இதுக்கு மருந்து சோறுதான்."

அப்படித்தான் நான் ஓட்டலுக்குப் போக ஆரம்பித்தேன். யுத்தத்துக்குக் கிளம்புவதுபோல் கிளம்பினோம் என்று என் கணவர் இன்றும் கிண்டல் செய்வார். ஒரு பையில் ஃபிளாஸ்க், எங்கள் வீட்டு ஸ்பூன், எங்கள் வீட்டுத் தட்டு, துடைக்க வெள்ளைத் துணி. போகும் நேரத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மத்தியானக் கூட்டம் கலைந்து, மேஜைகளைத் துடைத்து, ஈக்கள்கூட ஓய்வெடுக்கும் மூன்று, மூன்றரை மணி. கூட்டத்தில் இருமுவார்கள், தும்முவார்கள். யாரும் இல்லாத ஓட்டல்தான் சுத்தமான ஓட்டல் என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஆவடி ஸ்டேஷன் ரோட்டு டிபன் கடையில் அந்த நேரத்துக்கு இட்லி காலையில் அவித்தது. சூடுபண்ணிக் கொடுங்கள் என்றேன். என் தட்டை நீட்டினேன். சர்வர் தட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏம்மா, எங்க தட்டு இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். இட்லி வந்தது. மகள் ஒரு விள்ளல் எடுத்தாள். நான் பார்த்தேன், கணவர் பார்த்தார், வேலையில்லாத சர்வர் தூணில் சாய்ந்துகொண்டு பார்த்தார், கல்லாவில் இருந்தவரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். மூடி சாத்திக்கொண்டது.

பூந்தமல்லியில் பிரியாணி அண்டாவின் அடிக்கு வந்துவிட்டது. கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. "லேட்டா வந்துட்டீங்களே நைனா, பன்னெண்டுக்கு வந்திருந்தா பூ மாதிரி இருந்திருக்கும்" என்று கடைக்காரர் என் கணவரிடம் வருத்தப்பட்டார். மகள் ஒரு சோற்றுப் பருக்கையை விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமணன்சாவடியில் பரோட்டாக் கல் காயவே இல்லை. மாஸ்டர் பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரை எழுப்பினோம். அவர் எங்களுக்காகவே எழுந்து, எங்களுக்காகவே மாவை வீசி, தட்டில் போட்டுவிட்டு, பிள்ளை சாப்பிடுகிறதா என்று இடுப்பில் கைவைத்து நின்றார். சாப்பிடவில்லை. அவர் முகம் வாடிப்போனது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

கடைசியாக அம்பத்தூர் ஏ.சி. ஹால். கண்ணாடிக் கதவு, மேஜை விரிப்பு, மடித்து நிறுத்திய துணி. எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. மூன்று சர்வர்கள் சுவரோரம் கைகட்டி நின்றார்கள். மகள் சூப்பில் ஸ்பூனை விட்டாள், எடுத்தாள். நடுவில் குளிரில் அவள் தோள் நடுங்கியது. நான் எழுந்து என் சேலைத் தலைப்பால் போர்த்திக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "இனிமே எங்க போறது?" என்று மட்டும் ஒரு முறை கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை டாக்டர் அவளை எடைபோட்டார். எடைக்கருவியின் முள்ளைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். என்னைத் தனியாக அழைத்தார்.

"நாளைக்கு காலைல கூட்டிட்டு வாங்க. பெட்ல சேத்துடலாம். மூக்கு வழியா குழாய் போட்டுதான் குடுக்கணும். இனிமே வெயிட் பண்ண முடியாது."

"மறுபடியுமா டாக்டர்?"

"நாளைக்கு காலைல" என்றார் அவர்.

ஆஸ்பத்திரிக்கு என்றால் எடுத்திருந்த லீவை இன்னும் நீட்டிக் கேட்க வேண்டும். எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போனேன். மேனேஜர் லீவு கொடுத்துவிட்டார். பிள்ளையைப் பார்த்தவர் மறுபேச்சுப் பேசவில்லை. நாங்கள் வெளியே வந்தபோது சங்கு ஊதியது. மத்தியானச் சங்கு. ஒவ்வொரு கேட்டிலிருந்தும் நீலச் சட்டையும் காக்கிச் சட்டையுமாக ஆட்கள் ரோட்டில் கொட்டினார்கள். பஸ் ஸ்டாப்புக்குப் போக வழியில்லை. மகளுக்கு மத்தியான மாத்திரை கொடுக்க வேண்டும். ஏதாவது வயிற்றில் போட்டுத்தான் கொடுக்கவேண்டும். எதிரே மெஸ் இருந்தது. தட்டும் ஸ்பூனும் இருந்த பை அன்று வீட்டிலேயே கிடந்தது. ஃபிளாஸ்க் மட்டும் தோளில். நாளைக்குக் குழாய் என்று ஆன பிறகு ஸ்பூன் என்ன, தட்டு என்ன என்று உள்ளே நுழைந்தேன்.

தகரக் கூரை, நீளமேஜைகள், மடக்கு நாற்காலிகள், இலைகள். மெஸ்ஸுக்கு என்று ஒரு முறை உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இடம் கிடைக்காதவர்கள் வாசலில் நிற்பதில்லை. சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னாலேயே போய் நிற்பார்கள். பின்னால் நின்றுவிட்டால் அந்த இடம் அவருக்கு. உட்கார்ந்திருப்பவர் இலையை மடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மடித்துவிட்டால் ஒரு நொடியும் உட்காரக் கூடாது. நின்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முதுகில் ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டிருக்க, கவலையே இல்லாமல் ரசத்துக்குப் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் பின்னால் போய் நின்ற இரண்டு பேர் எழுந்தார்கள். நான் மகளைத் தூக்கி உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். இலை விழுந்தது, சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. மகள் கையை மடியில் வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தாள். நான் அவள் வாயைப் பார்த்தேன்.

அதற்குள் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்துவிட்டார். உயரமான ஆள், நீலச்சட்டை, முழங்கைவரை கிரீஸ். நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு காலை ஆட்டிக்கொண்டே நின்றார்.

"இன்னா பாப்பா, துண்ணுட்டியா?"

மகள் திரும்பி அண்ணாந்து பார்த்தாள். இல்லை என்று தலையை அசைத்தாள்.

"அப்ப துண்ணு. நா நின்னுகினுதான் கீறேன்."

"அண்ணே, கொழந்தைக்கு உடம்பு சரியில்ல. நேரமாகும். வேற இடம் பாருங்களேன்" என்றேன்.

"தோ பாரும்மா, நா ஒண்ணும் சொல்லலியே. அது பாட்டுக்கு துண்ணட்டும். துண்ணாம குந்திகினு இருந்தாதான் பேஜாரு."

அடுத்த நாற்காலிக்குப் பின்னால் நின்ற அவருடைய கூட்டாளி சிரித்தார். "இன்னா மாமே, பாப்பா கைல மாட்டிக்கினியா? வேற சீட்ட புடி."

"நீ வேற மச்சான். இலைய பாரு, தொடவே இல்ல. இதோ எந்திரிச்சிடும். இது துண்ற மூஞ்சியே இல்ல."

என் மகளின் காது சிவந்ததை நான் பார்த்தேன். இடது கையை மடியிலிருந்து எடுத்தாள். இலையின் மேல் விளிம்பில், யாரும் மடித்துவிடாதபடி, உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள். பிறகு வலது கையால் சாம்பாரைப் பிசைந்தாள். ஒரு வாய் போட்டாள். பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு வாய் போட்டாள்.

நான் என் இலையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். எனக்கு அந்த நிமிஷம் பயமாக இருந்தது. நான் பார்த்தால் மூடி சாத்திக்கொள்ளும் என்று பயம். என் இலையில் இருந்த பீன்ஸ் பொரியலை ஒவ்வொரு துண்டாக எண்ணுபவள்போல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காதால் மட்டும் கேட்டேன்.

"அண்ணா, ரசம்."

அவள் குரல்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் சாப்பாடு அது.

"ரசமா?" என்றார் பின்னால் நின்றவர். "இன்னும் ரசத்துக்கே இப்பத்தான் வர்றியா? அப்பால மோரு வேற கீதே."

"அப்பளமும் வேணும்" என்றாள் மகள்.

மேஜையே சிரித்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வாயில் சோற்றோடு சொன்னார்: "விடாத பாப்பா. மோருக்கப்பறம் பாயசம் போடறாங்களாம்."

"யோவ், திங்கக்கெழமைல ஏதுய்யா பாயசம்? நீ வேற ஏத்திவிடாத." நின்றவர் சப்ளையரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணாத்தே, இந்தப் பாப்பாக்கு அப்பளத்த வை, ரசத்த ஊத்து. அது துண்ணாத்தான் நா குந்த முடியும். சங்கு ஊதிட போறான்."

அவள் ரசம் சாப்பிட்டாள். மோர் சாப்பிட்டாள். அப்பளத்தை நொறுக்கி, ஒவ்வொரு துண்டாக, நின்றவரைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே நிதானமாகச் சாப்பிட்டாள். அவர் ஆட்டிய காலை மாற்றி அடுத்த காலை ஆட்டினார். கூட்டாளி இடம்பிடித்து உட்கார்ந்தே விட்டார். உட்கார்ந்துகொண்டு, "மாமே, இன்னிக்கு உனக்கு டீயும் பன்னுந்தான்" என்றார். கடைசியில் மகள் இலையைப் பார்த்தாள். கறிவேப்பிலையும் ஒரு மிளகாயும் மட்டும் இருந்தன. இடது கையை எடுத்தாள். இலையைத் தன் பக்கமாக மடித்து, மேலே ஒரு தட்டு தட்டினாள்.

"இப்ப உக்காருங்க."

"அப்பாடா. பெரிய மனசு பண்ணிட்ட. நாளைக்கும் வருவியா?"

"வருவேன்."

"வா வா. நா வேற டேபிளாண்ட போய்டறேன்."

கைகழுவும் குழாயடியில் நான் முகத்தையும் சேர்த்துக் கழுவினேன், நெடுநேரம் கழுவினேன். வெளியே வந்து ஃபிளாஸ்க்கைத் திறந்து மாத்திரையைக் கொடுத்தபோது மகள் சொன்னாள்: "அந்த மாமா என் எடத்த புடுங்கலாம்னு பாத்தாரும்மா." அவள் முகத்தில் இருந்தது ஒரு வெற்றி. எங்கள் வீட்டில் எத்தனையோ நாளாக யாருடைய முகத்திலும் பார்க்காதது.

ஆனால் ஒரு சாப்பாடு போதாது. மறுநாள் காலை கூட்டிவரும்படி டாக்டர் சொன்னது அப்படியே இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் இட்லியோடு உட்கார்ந்தேன். வாய் சாத்திக்கொண்டது. அந்த நேரத்தில் என் கணவர் ஷிப்ட் முடிந்து சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அவரை அடுப்படிக்கு இழுத்துப்போய் மத்தியானம் நடந்ததைக் கிசுகிசுவென்று சொன்னேன். அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. நேரே போய் மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பாப்பா, சாப்பிட்டாச்சா?" என்றார்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "அப்டி இல்லப்பா. 'இன்னா பாப்பா, துண்ணுட்டியா'ன்னு கேக்கணும்."

என் கணவர் திருச்சிப் பக்கத்துக்காரர். எத்தனை வருஷமானாலும் அவர் வாய்க்கு மெட்ராஸ் பேச்சு வராது. "இன்னா பாப்பா, துண்ணு... துண்ணுட்டியாம்மா?" என்று தடுமாறினார்.

"கடைசில 'ம்மா' போடக் கூடாது. கால ஆட்டணும்."

ஆட்டினார். தொழிற்சாலையில் காலையிலிருந்து நின்ற கால். அதை ஆட்டிக்கொண்டு, "நா நின்னுகினு கீறேன். சங்கு ஊதப் போவுது" என்றார். மகள் இடது கையைத் தட்டின் விளிம்பில் அழுத்திவைத்துக்கொண்டு இட்லியைப் பிட்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி, காலண்டரில் இருந்த மாதாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னலில் பக்கத்து வீட்டுக்காரம்மா தலை தெரிந்தது. முதல் தடவையாக நானே போய் ஜன்னல் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கான துணிமூட்டையோடுதான் டாக்டரிடம் போனோம். "ராத்திரி என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். இட்லி, மத்தியானம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம், அப்பளம் என்று மகள் அடுக்கினாள். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் மெஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். மூட்டையைக் காலால் மெல்ல மேஜைக்கு வெளியே தள்ளிவிட்டு, "ஒரு வாரம் பாக்கலாம்" என்றார். வாசலைத் தாண்டிய எங்களைத் திரும்பக் கூப்பிட்டு, "அந்த மெஸ் எந்த ரோட்ல சொன்னீங்க? எனக்கும் மத்தியானம் பசிக்கத்தான் செய்யுது" என்றார்.

அந்த வாரம் முழுக்க மத்தியானச் சங்குக்கு நாங்கள் மெஸ்ஸில் இருந்தோம். நீலச்சட்டைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வேறு மேஜைக்குப் போய்விட்டார். ஆனால் எங்கள் நாற்காலிக்குப் பின்னால் தினமும் யாராவது ஒருவர் நின்றார், கால் ஆட்டினார், அவசரப்பட்டார். தூரத்திலிருந்து அவர், "மச்சான், அந்த சீட்டாண்ட நிக்காத. அது இலைய மடிக்கவே மடிக்காது" என்று புதிதாக வருகிறவர்களை எச்சரித்தார். மகள் அதைக் கேட்டுக்கொண்டு இரண்டாவது தடவை சோறு வாங்குவாள்.

அதன்பிறகு தோற்ற இடங்களுக்கு ஒவ்வொன்றாக மறுபடி போனோம், ஆனால் இந்த முறை கூட்டத்தோடு. சாயங்கால வண்டி ஆவடியில் நின்று, இறங்கியவர்கள் எல்லோரும் டிபன் கடைக்குள் நுழையும்போது நாங்களும் நுழைந்தோம். "தட்டு கொண்டாந்தியாம்மா?" என்று கேட்டார் பழைய சர்வர். இல்லை என்றேன். "அப்ப இன்னைக்கு வடையும் துண்ணுங்க" என்றார். பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்கு பஸ் ஏறினோம். அண்டாவின் மூடியைத் திறக்கும்போது தெருவே திரும்பிப் பார்க்கும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார், காரம் குறைவாக, கொஞ்சமாக. கொஞ்சமாக என்பதை என் மகள் அவள் இஷ்டப்படி புரிந்துகொண்டாள். குமணன்சாவடியில் அந்தி சாயும் நேரம், கல்லின் மேல் மாஸ்டர் தட்டுகிற சத்தத்தை ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்கலாம். பெஞ்சில் லாரிக்காரர்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மாஸ்டருக்கு நிமிர்ந்து பார்க்கவே நேரமில்லை. மகள் பரோட்டாவைப் பிய்த்து சால்னாவில் ஊறப்போட்டுச் சாப்பிட்டாள். கிளம்பும்போது நான்தான் அவரைக் கூப்பிட்டு, காலித் தட்டைத் தூக்கிக் காட்டினேன். முதலில் புரியவில்லை. பிறகு எங்களை அடையாளம் கண்டுகொண்டு, கரண்டியை நெற்றியில் வைத்து ஒரு சலாம் போட்டார்.

கூட்டமான நேரத்தில்தான் எல்லாம் புதிதாக இறங்குகிறது, சூடாக இருக்கிறது, எதுவும் தங்குவதில்லை என்பதை நான் அப்போதுதான் கண்டேன். என் ஆளில்லாத சுத்தமான ஓட்டல்களில் காலையில் அவித்ததும் அடியில் ஒட்டியதும்தான் கிடைத்தன. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது மகள் முகத்தைச் சுளித்தாள். "அம்மா, ஊக்கு குத்துது." கழற்றினேன். பாவாடை நின்றது. அந்த ஊக்கை என் தாலிச் சரட்டில் மாட்டிக்கொண்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஏழு வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனால் தட்டில் அவள் ஒரு கைப்பிடி சோற்றை மிச்சம்வைத்தால் இன்றைக்கும் என் கை தானாக அவள் நெற்றிக்குப் போகும். இந்த வருஷம் அவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். தேர்வுப் பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதுதான் என்று கணவர் சொன்னார். நான் ராத்திரி எழுந்து எழுந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் தேர்வு முடிந்த அன்று அவளையே கேட்டோம், எங்கே போகலாம் என்று. அம்பத்தூர் ஏ.சி. ஹாலுக்கு என்றாள். அங்கே மட்டும்தான் நாங்கள் திரும்பிப் போகவில்லை. கண்ணாடிக் கதவு, அதே மேஜை விரிப்பு. எங்களுக்கு வாய்த்தது மறுபடி ஆளில்லாத நேரம். சர்வர்கள் சுவரோரம் நின்றார்கள். சாப்பாடு வந்தது. அவள் ஸ்பூனை எடுத்தாள், சோற்றைக் கிளறினாள், கீழே வைத்தாள். நான் என் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"அப்பா" என்றாள் அவள். "எழுந்து வாங்க."

என் கணவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், அவள் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தலை நரைத்த மனிதர், இஸ்திரி போட்ட சட்டை, காலை ஆட்டிக்கொண்டு.

ஒரு சர்வர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "சார், ஏதாவது பிரச்சினையா? வேற சேர் போடட்டுமா?"

"ஒண்ணுமில்லப்பா. எடத்துக்கு நின்னுகினு கீறேன்" என்றார் என் கணவர். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒரு பிழையும் இல்லாமல்.

என் மகள் இடது கையைத் தட்டின் விளிம்பில் வைத்தாள். "நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட ஆரம்பித்தாள்.